துப்பாமல் நான்கு நாட்கள்

முதல் நாள், செவ்வாய்

குன்னூரில் என் மாமியார் அக்கம்பக்கத்தாரிடம் என் வேலையைப் பற்றிப் பேச நேர்ந்தால், "ஏலக் கம்பெனியில் இருக்கிறார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். காரணம் உண்டு. பெண் பார்க்கப் போன அன்று, "தினமும் காலையில் இருநூறு கப் லிக்கர் சுவைப்பேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். தேயிலைத் தொழிலில், கொதிநீரில் இலையிலிருந்து இறங்கும் சாறுக்குத்தான் லிக்கர் என்று பெயர். அதை விளக்கி முடிப்பதற்குள் பெண்ணின் பெரியப்பா செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கதை நினைவுக்கு வரக் காரணம், நாளை நான் போகவிருக்கும் இடம். லண்டனுக்கு வந்தது தேயிலை வாங்குபவர்களைச் சந்திக்க. ஆனால் எங்கள் அலுவலகத்தில் முன்பு என்னோடு வேலை பார்த்து, இப்போது இங்கே ஒரு தேயிலை பாக்கெட் நிறுவனத்தில் இருக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். விமான நிலையத்திலேயே அழைப்பிதழை நீட்டினார். சிறிய பீர் ஆலைக்காரர்கள் சிலர் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வரும் வியாபாரிகளுக்காக நடத்தும் சுவை விருந்து. "அண்ணா, நீங்கள் நாக்கை வைத்துப் பிழைப்பவர். வந்து பாருங்கள்" என்றார். அவர் சுத்த சைவம், பீரைத் தொட்டதில்லை. வியாபாரத் தொடர்புகளுக்காகப் போகிறாராம்.

பிற்பகலில் தூக்கம் வராமல் மின்சிங் லேனுக்கு நடந்தேன். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தத் தெருவின் பெயர் குலதெய்வக் கோயில் மாதிரி. உலகத் தேயிலைக்கு விலை சொன்ன தெரு. 1679-இல் தொடங்கிய லண்டன் தேயிலை ஏலம் 1998 ஜூன் 29-ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது கண்ணாடிக் கட்டடங்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு விரைபவர்கள். ஒரு தேநீர்க் கடைகூடக் கண்ணில் படவில்லை.

மனம் ஒப்பாமல் லண்டன் பாலத்தைத் தாண்டி சவுத்வார்க் பக்கம் போனேன். அங்கே ஹாப் எக்ஸ்சேஞ்ச் என்ற கட்டடம் வளைந்து நிற்கிறது. 1867-இல் திறந்தது. ஹாப்ஸ் என்பது கொடியில் காய்க்கும், சிறு கூம்பு போன்ற பச்சைப் பூ. பீருக்குக் கசப்பும் மணமும் தருவது அதுதான். கென்ட் பகுதியில் விளைந்தது ரயிலேறி இந்தப் பேட்டைக்கு வந்து குவிந்திருக்கிறது. கட்டடத்தின் நடுக்கூடத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை வைத்துக் கட்டினார்கள். சரக்கின் நிறத்தை இயற்கை வெளிச்சத்தில் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்காக.

குன்னூரில் எங்கள் சுவை அறைக்கும் வடக்குப் பார்த்த ஜன்னல்தான். நேர் வெயில் விழுந்தால் இலையின் நிறம் பொய் சொல்லும். மின்சிங் லேனில் கிடைக்காத உறவு இங்கே கிடைத்தது. நாளை போவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

இரண்டாம் நாள், புதன்

பெர்மாண்ட்ஸி என்ற பகுதி. லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே ஒரு செங்கல் பாலம் மைல் கணக்கில் போகிறது. 1836-இல் ரயில் விட்ட பாதை. அந்தப் பாலத்தின் வளைவுகளுக்கு அடியில்தான் மெக்கானிக் கடைகளும் கிடங்குகளும் இருந்தன. கடந்த பதினைந்து ஆண்டுகளில் பல வளைவுகளுக்குள் சிறிய பீர் ஆலைகள் புகுந்துவிட்டன. 2009-இல் தி கெர்னல் என்ற ஆலை இந்தப் பக்கம் தொடங்கியது. பிறகு ஒவ்வொன்றாக வந்து, இப்போது இதற்கு பீர் மைல் என்றே பெயர். 2002-இல் அரசாங்கம் சிறிய ஆலைகளுக்கு பீர் வரியைப் பாதியாகக் குறைத்ததுதான் இந்தத் துளிர்ப்புக்கெல்லாம் வேர் என்று தம்பி சொன்னார். நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிக்கு இப்படி ஒரு கை நீண்டிருந்தால் என்று நான் ஆரம்பிக்க, "அண்ணா, இன்று வேண்டாம்" என்றார்.

வளைவுக்குள் நுழைந்ததும் மூக்குதான் முதலில் விழித்தது. கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைக்கும்போது வீட்டில் எழும் வாசம். இங்கே அது பார்லி. முளைகட்டி வறுத்த பார்லிக்கு மால்ட் என்று பெயர் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். பின்சுவரை ஒட்டி எஃகுத் தொட்டிகள். முன்னால் நீள மேஜைகளில் பன்னிரண்டு வகை பீர், சிறு கண்ணாடிக் கிண்ணங்களில். தலைக்கு மேலே ரயில் போகும்போதெல்லாம் கிண்ணங்கள் மெல்லக் கிணுகிணுத்தன. யாரும் பொருட்படுத்தவில்லை.

என் சட்டையில் 'தேயிலைச் சுவைஞர்' என்று எழுதிய அட்டையைக் குத்தினார்கள். அதன் விளைவாக, முதல் மேஜையில் நின்ற ஆலைக்காரப் பெண் எனக்குத் தனி மரியாதையோடு கோல்டன் ஏல் என்ற பொன்னிற பீர் ஊற்றிக் கொடுத்து, தீர்ப்புக்குக் காத்திருப்பவர்போல் நின்றார். முப்பது வயதிருக்கும். ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்.

இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம். கிண்ணத்தை உதட்டில் வைத்து, தேயிலையை உறிஞ்சுவதுபோல் காற்றோடு சேர்த்து 'ஸ்ர்ர்ர்' என்று ஒரே இழுப்பு. தேயிலைச் சாறில் காற்று கிடையாது. பீரில் உண்டு. நுரை அண்ணத்தில் மோதி, மூக்கு வழியாக வெளியேறியது. இருமிக்கொண்டே அனிச்சையாகத் துப்பும் தொட்டியைத் தேடினேன். தொட்டி இல்லை. தம்பி தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

அந்தப் பெண் சிரிக்காமல் கைக்குட்டைத் தாள் நீட்டினார். எனக்கு இன்னும் அது பெரிய குணமாகவே படுகிறது. "இங்கே நாங்கள் துப்புவதில்லை" என்றார். "மிச்சத்தைக் கொட்ட அந்த ஜாடி இருக்கிறது. ஆனால் ஒரு மிடறாவது விழுங்கித்தான் ஆக வேண்டும். கசப்பு தொண்டையில்தான் முடிகிறது."

துப்புவது எங்களுக்குத் தொழில் தர்மம். இருநூறு கப்பை விழுங்கினால் மதியத்துக்குள் கை நடுங்கும். ஆனால் இரண்டாவது கிண்ணத்தை விழுங்கிப் பார்த்தபோது அவர் சொன்னதில் நியாயம் இருப்பது தெரிந்தது. வாயில் இருக்கும்வரை எலுமிச்சைத் தோலும் புல்லுமாக இருந்த ஒன்று, இறங்கிய பிறகுதான் வேப்பம்பூ ரசம் மாதிரி ஒரு கசப்பை மெதுவாக மேலே அனுப்பியது.

பிறகு ஒரு குழப்பம். "எங்கள் லிக்கர் லண்டன் லிக்கர். அதனால் கறுப்பு பீர்தான் எங்களுக்கு இயல்பாக வரும்" என்றார். கறுப்பு பீர் எது என்று நான் மேஜையில் தேடினேன். அவர் கையைக் காட்டியது சுவரில் இருந்த தண்ணீர்க் குழாயை. பீர் ஆலைக்காரர்கள் தண்ணீரைத் தண்ணீர் என்று சொல்வதில்லையாம். பீருக்குள் போகும் நீர் எதுவானாலும் லிக்கர். தரை கழுவுவதுதான் தண்ணீர்.

என் மாமியார் கதையை அவரிடம் சொன்னேன். எங்கள் ஊர் அரசாங்க ஆவணத்தில் லிக்கர் என்றால் சாராயம் முதல் பீர் வரை, என் வேலையில் தேயிலைச் சாறு, உங்களிடம் வெறும் தண்ணீர். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்களும் வந்துவிட்டார்கள். அந்த நிமிடத்துக்குப் பிறகு நான் விருந்தாளி இல்லை, தொழில்காரன்.

தண்ணீர் பேச்சு நீண்டது. லண்டன் நீரில் சுண்ணாம்புக் கார்பனேட் அதிகம், காரத்தன்மை உள்ளது. கருக வறுத்த மால்ட்டின் புளிப்பு அதைச் சரிக்கட்டும். அதனால்தான் பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் போர்ட்டர் என்ற கறுப்பு பீரின் தலைநகராக இருந்தது. வெளிறிய, கசப்பு துலக்கமான பீருக்கு பர்ட்டன் என்ற ஊரின் நீர் வேண்டும். அதில் ஜிப்சம் கரைந்திருக்கிறது. இப்போது எந்த ஊரிலும் ஜிப்சம் உப்பைத் தண்ணீரில் கலந்துகொள்கிறார்கள். அதற்கு 'பர்ட்டனாக்குதல்' என்று ஒரு வினைச்சொல்லே உண்டு. ஊர்ப்பெயர் வினைச்சொல்லாவது எவ்வளவு பெரிய பட்டம்! நாங்களும் ஒரே தேயிலையை எந்த ஊர்த் தண்ணீருக்கு அனுப்புகிறோம் என்று கேட்டுத்தான் கலப்பு போடுவோம் என்றேன். வெள்ளிக்கிழமை பர்ட்டனுக்குப் போவதாக அங்கேயே தீர்மானமாயிற்று.

அடுத்த மேஜையில் மரப்பிடி போட்ட கைப்பம்பு. இதுதான் இங்கே பக்தியோடு பேசப்படும் காஸ்க் ஏல். பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், கடையின் நிலவறைக்குப் போன பிறகும் நொதித்துக்கொண்டே இருக்கும். வாயுவை வெளியிலிருந்து ஏற்றுவதில்லை. 11 முதல் 13 டிகிரியில் கொடுப்பார்கள். வெளிநாட்டார் இதைச் 'சூடான பீர்' என்று கேலி செய்வது இதனால்தான். சூடு ஒன்றும் இல்லை, நம் மண்பானைத் தண்ணீரைவிடக் குளிர்ச்சி. பல்லைக் கூசவைக்காத குளிர்ச்சியில்தான் மணம் எழும். திறந்தால் மூன்று நாளுக்குள் முடித்தாக வேண்டும். எழுபதுகளில் பெரிய நிறுவனங்கள் இதை ஒழித்துவிடப் பார்த்தபோது, 1971-இல் நான்கு நண்பர்கள் சேர்ந்து கேம்ரா என்ற குடிப்போர் இயக்கம் தொடங்கிக் காப்பாற்றினார்கள். குடிப்பவர்கள் சங்கம் வைத்துத் தரம் கேட்கிறார்கள்! நம் ஊரில் குடிப்பவர் வாய் திறப்பது விலையைப் பற்றி மட்டும்தான்.

தம்பி இங்கேதான் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "இது சைவமா?" நான் நெளிந்தேன். ஆனால் பம்பு பிடித்தவர் தீவிரமாகப் பதில் சொன்னார். பீப்பாயில் கலங்கிய ஈஸ்ட்டை அடியில் படியவைக்க, காலங்காலமாக மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஒரு பசையைச் சேர்ப்பது வழக்கம். இப்போது பல சிறிய ஆலைகள் அதை விட்டுவிட்டு, கலங்கலாகவே தருகின்றன. "உங்கள் நண்பருக்கு அந்தக் கலங்கல்தான் பாதுகாப்பு" என்றார். தம்பி இரண்டுமே வேண்டாம் என்று ஆரஞ்சுச் சாறுக்குப் போய்விட்டார்.

ஆறாவது கிண்ணத்தில் ஒரு சங்கடம். யாருடைய பீர் என்று சொல்லப் போவதில்லை. மூக்கருகே கொண்டு போனதும் உருக்கிய வெண்ணெய். பீரில் அது குற்றம், நொதிப்பு முழுமையடையாமல் அவசரப்பட்டால் வருவது என்று அன்று மாலைதான் கேட்டிருந்தேன். சுற்றி நின்றவர்கள் "அருமை, மென்மை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அறையில் குற்றம் கண்டால் உரக்கச் சொல்வதுதான் சம்பளத்துக்கு விசுவாசம். புகை ஏறியது, அடுப்பில் கூடுதலாகக் காய்ந்தது என்று சொல்லாமல் விட்டால் ஏலத்தில் அடி விழும். வாயை அடக்க முடியாமல், "வெண்ணெய்" என்றேன். கொஞ்ச நேரம் மேலே போன ரயிலின் சத்தம் மட்டும் கேட்டது. ஆலைக்காரர் என் கிண்ணத்தை வாங்கி முகர்ந்தார். பம்பின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கோபமா நன்றியா என்று கடைசிவரை தெரியவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். அவர்கள் குறிப்புத்தாளில் 'கசப்பு' என்ற ஒரே பெட்டிக்குள் இரண்டைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஹாப்ஸ் தருவது கசப்பு. ஆனால் ஒரு கிண்ணத்தில் நாக்கைச் சுருக்கி ஈறைப் பிடித்தது வாழைப்பூவின் துவர்ப்பு. தேயிலைக்காரனுக்குத் துவர்ப்புதான் மூச்சு. 'துவர்ப்பு' என்று தமிழில் சொல்லி, நெல்லிக்காயை விவரித்தேன். ரப்பர் பூட்ஸ் பெண் அந்தச் சொல்லைத் தன் குறிப்பேட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார். மூன்று முறை சொல்லவைத்தார். 'ழ' இல்லாத சொல்லாகப் போனது அவர் அதிர்ஷ்டம்.

கடைசியில் சிறு உரை. இந்தியா பேல் ஏல் என்ற வெளிறிய பீரைப் பற்றி. இந்தியாவுக்குக் கப்பலில் கெடாமல் போவதற்காகவே போதையைக் கூட்டிக் கண்டுபிடித்த பீர் என்றார் பேச்சாளர். கைதட்டல். எனக்குக் கை வரவில்லை. நான் படித்த வரையில், அது ஒருவர் ஒரு நாளில் கண்டுபிடித்ததல்ல. 1752-இல் தொடங்கிய ஹாட்ஜ்சனின் ஆலை, லண்டனின் கிழக்கே, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நின்ற துறைக்குப் பக்கத்தில் இருந்தது. கப்பல் தலைவர்களுக்கு 18 மாதம்வரை கடன் கொடுத்தது. கைக்கு எட்டும் சரக்கு, நீண்ட கடன். வேறென்ன வேண்டும் வியாபாரத்துக்கு? அந்த வெளிறிய பீர் அன்றைய கணக்கில் அப்படியொன்றும் போதை கூடியதும் அல்ல. பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, மாதக்கணக்கில் பீப்பாய்க்குள் உருண்டபோது அதற்குத் தானாகவே முதிர்ச்சி வந்தது. அதே கப்பல்களில் கறுப்புப் போர்ட்டரும் ஏராளமாக வந்தது. அது சிப்பாய்களுக்கு, வெளிறியது துரைமார்களுக்கு.

மதராஸுக்கு அன்று துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். மசூலா படகுக்காரர்கள் அலையைப் பிளந்து சரக்கைக் கரைசேர்ப்பார்கள். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு அது. பீர் பீப்பாயையும் அவர்கள்தான் கடைசி அரை மைல் சுமந்திருக்க வேண்டும். உரையில் அவர்களுக்கு ஒரு வரி இல்லை. இதைக் கேள்வி நேரத்தில் சொன்னேன். பேச்சாளர் "சுவாரசியம்" என்றார். இங்கே அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தம்பி வெளியே வந்ததும் விளக்கினார்.

மூன்றாம் நாள், வியாழன்

தலை கனம். பன்னிரண்டு கிண்ணத்தில் எட்டைத்தான் தொட்டேன் என்று மனைவியிடம் தொலைபேசியில் சொன்னது உண்மை. ஒவ்வொன்றிலும் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.

பகல் முழுதும் தேயிலைக் கூட்டம். விலை பேசினோம், வழக்கம்போல் குறைத்தார்கள். மாலையில் கோர்ட்டோல்ட் ஓவியக்கூடத்துக்கு ஓடி, மூடுவதற்குள் ஒரே ஒரு படம் பார்த்தேன். எத்துவார் மானே 1882-இல் முடித்த பாரிஸ் மதுக்கூடம். நடுவில் களைத்த முகத்தோடு ஒரு பணிப்பெண். அவள் முன்னால் பளிங்கு மேஜையில், ஷாம்பெய்ன் புட்டிகளுக்கு நடுவே சிவப்பு முக்கோணம் ஒட்டிய பழுப்புப் புட்டி. பர்ட்டன் ஊரின் பாஸ் பீர். அந்தச் சிவப்பு முக்கோணம்தான் பிரிட்டனில் பதிவான முதல் வணிகச் சின்னம், 1876 ஜனவரி 1. எல்லோரும் அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் புட்டியின் நிறத்தைப் பார்த்தேன்.

நான்காம் நாள், வெள்ளி

செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தில் ரயிலேற வேண்டும். 1868-இல் திறந்த இந்த நிலையத்தின் கீழ்த்தளம் பர்ட்டன் பீருக்காகவே கட்டியது. தண்டவாளங்கள் மேலே, பீப்பாய்க் கிடங்கு கீழே. வடிவமைத்த பொறியாளர் பார்லோ, தூண்களுக்கு இடையே எத்தனை அடி என்பதை பீப்பாய் அளவை வைத்துத்தான் தீர்மானித்தார். இன்று அந்தத் தூண்களுக்கு நடுவே பாரிஸ் ரயிலுக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறார்கள். நான் குடும்பத்துக்கு சாக்லேட் வாங்கினேன். கடையின் அகலம் எத்தனை பீப்பாய் என்று மனத்துக்குள் உருட்டிப் பார்த்தேன்.

டெர்பியில் மாறி பர்ட்டன் வந்தால், எதிர்பார்த்த கோலாகலம் எதுவும் இல்லை. மங்கலான சிறு நகரம். ஆனால் காற்றில் அந்த முளைகட்டிய தானிய வாசம். ஒரு காலத்தில் இங்கே முப்பது ஆலைகளுக்கு மேல் இருந்தன. ஹாட்ஜ்சன் குடும்பம் கப்பல் தலைவர்களை ஒதுக்கிவிட்டு நேராக வியாபாரம் செய்யப் பார்த்தபோது, 1822-இல் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஒருவர் பர்ட்டனின் ஆலைக்காரர் ஆல்சாப்பை விருந்துக்கு அழைத்து, 'நீங்கள் ஏன் செய்யக் கூடாது' என்று கேட்டிருக்கிறார். ஆல்சாப்பின் ஆள் முதல் மாதிரியை ஒரு தேநீர்ப் பாத்திரத்தில் காய்ச்சியதாக ஊர்க்கதை. கதையாகவே இருக்கட்டும், தேநீர்ப் பாத்திரம் வந்ததால் எனக்குப் பிடித்திருக்கிறது. செய்து பார்த்தபோது ஜிப்சம் நீரில் அது லண்டன் சரக்கைவிடத் துலக்கமாக வந்தது. ஹாட்ஜ்சன் கதை அதோடு இறங்கு முகம்.

பழைய பெருமைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. பீர் அருங்காட்சியகத்தை 2022-இல் மூடிவிட்டார்கள். ஓக் பீப்பாய்களை வரிசையாக நிறுத்தி, அன்னக்கழுத்துக் குழாய் வழியே பொங்கும் ஈஸ்ட்டை மேல்தொட்டியில் பிரித்து, பீரைத் திரும்பக் கீழே விடும் 'யூனியன்' முறையை ஊரில் கடைசியாக வைத்திருந்த ஆலையும் 2024-இல் கைவிட்டது. ஒரு தொகுதி மட்டும் பக்கத்து டெர்பிஷயரில் தார்ன்பிரிட்ஜ் ஆலைக்குப் போய் உயிர் பிழைத்திருக்கிறது.

கிராஸ் தெருவில் கூப்பர்ஸ் டேவர்ன். பாஸ் ஆலை தன் சரக்கை வைத்துப் பார்த்த இடமாக இருந்து கடையானது. பின்னறையில் பீப்பாய் கண்ணெதிரே இருக்கிறது. பம்பு இல்லை, குழாயைத் திறந்தால் புவியீர்ப்பு ஊற்றுகிறது. அரை பைன்ட் கேட்டேன். முகர்ந்ததும் அடித்துப் போட்ட தீக்குச்சியின் கந்தகம் லேசாக. இதைத்தான் 'பர்ட்டன் ஸ்னாட்ச்' என்கிறார்கள், ஜிப்சத்தின் கையெழுத்து. ஓரிரு நிமிடத்தில் மறைந்துவிடுகிறது. பிறகு பிஸ்கட், கொஞ்சம் ஆப்பிள், உலர்ந்த சுத்தமான கசப்பு. துவர்ப்பு இல்லை. உறிஞ்சவில்லை, துப்பவும் இல்லை. பக்கத்தில் நாயோடு உட்கார்ந்திருந்த பெரியவர், "முதல் தடவையா?" என்று கேட்டார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒரு மணி நேரம் போனது.

தங்கிய வீட்டு அறையில் கெட்டில் இருந்தது. பெட்டியில் கோத்தகிரிப் பக்கத்து ஆர்த்தடாக்ஸ் தேயிலை (பொடிக்காமல் சுருட்டிய இலை) மாதிரி ஒன்று இருந்தது. குழாய்த் தண்ணீர் பீர் ஆலைகளின் ஜிப்சம் கரைந்த கிணற்றுத் தண்ணீர் அல்ல என்று தெரிந்தும் போட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடம். மேலே மெல்லிய ஆடை படர்ந்தது. குன்னூரில் செம்பு நிறத்தில் ஒளிரும் சாறு மங்கிப் பழுத்திருந்தது. மணம் பாதிதான். ஆனால் அடியில் ஒரு வறண்ட பிடிப்பு, எங்கள் ஊர்த் தண்ணீரில் நான் பார்க்காதது. ஜன்னலருகே கொண்டு போனேன், அது தெற்குப் பார்த்த ஜன்னல்.

வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி, ஏதோ நல்ல மணம் வருகிறதே என்றார். இரண்டாவது கப்பை ஊற்றி, முதலில் நிறத்தைப் பாருங்கள் என்று நீட்டினேன். "அழகு" என்றார். நான் தடுப்பதற்குள் பாலை ஊற்றிவிட்டார்.